வெளியார் சுட்டும் ஊழலும் தேசத்தின் மானமும்: ஓர் எளிய விளக்கம்

2013 மார்ச் மாதத்தில் நைஜீரியக் குடியரசுத் தலைவர் குட்லக் ஜொனாதன், ஊழல் வழக்கில் தண்டனை பெற்றிருந்த முன்னாள் மாநில ஆளுநர் ஒருவருக்கு மன்னிப்பு வழங்கினார். ஊழல் புரிந்தவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது ஆழ்ந்த ஏமாற்றம் அளிப்பதாக அந்நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகம் ட்விட்டரில் எழுதியது. உடனே நைஜீரிய வெளியுறவு அமைச்சகம் தூதரகத்தின் மூத்த அதிகாரி ஒருவரை வரவழைத்து, இது நாட்டின் உள்விவகாரத்தில் தேவையற்ற தலையீடு என்று கண்டனம் தெரிவித்தது. மன்னிப்பு சரியா தவறா என்று நடந்துகொண்டிருந்த விவாதத்துக்குள், அமெரிக்காவுக்கு இதைக் கேட்க உரிமை உண்டா என்ற இரண்டாவது விவாதமும் நுழைந்துவிட்டது.

வளரும் நாடுகள் பலவற்றில் இத்தகைய காட்சியைப் பார்த்திருக்கிறோம். அரசின் மீது ஊழல் புகார் எழுகிறது. அதை வெளிநாட்டவர் ஒருவர் வாய்விட்டுச் சொல்கிறார். சொல்லப்பட்டது உண்மையா என்ற கேள்வி பின்னுக்குப் போய், சொன்னவர் யார் என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. தேசியப் பெருமிதம், அந்நிய விமர்சனம், அரசு ஊழல் ஆகிய மூன்றும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன என்பதை இந்தத் துறைக்குப் புதியவர்களும் புரிந்துகொள்ளும் வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நைஜீரியாவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அந்த நாடு மற்ற நாடுகளைவிட மோசமானது என்பதல்ல. அங்கே இந்தக் கதையின் எல்லாப் பாத்திரங்களும் நீதிமன்ற ஆவணங்களில் பதிவாகியிருக்கிறார்கள் என்பதுதான்.

மன்னிக்கப்பட்டவரிலிருந்து தொடங்கலாம். அவர் பெயர் டீப்ரியே அலாமியேசேகா. நைஜர் ஆற்றுக் கழிமுகப் பகுதியிலுள்ள பயெல்சா மாநிலத்தின் ஆளுநராக 1999 முதல் 2005 வரை இருந்தவர். நைஜீரியாவில் ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு இணையானவர். அந்நாட்டில் வணிக அளவில் முதன்முதலாக எண்ணெய் கண்டெடுக்கப்பட்ட ஒலொய்பிரி என்ற ஊர் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. 1956இல் கிணறு தோண்டிய இடம் அது. நாட்டுக்கே சோறு போட்ட மண்ணில் குடிநீருக்கும் மருத்துவமனைக்கும் மக்கள் இன்றும் அல்லாடுகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

2005 செப்டம்பரில் ஜெர்மனியில் அறுவைச் சிகிச்சை முடித்துக்கொண்டு லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் வந்திறங்கிய அலாமியேசேகாவை, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கிய குற்றச்சாட்டில் பிரிட்டிஷ் காவல்துறை கைது செய்தது. அவருடைய லண்டன் வீட்டில் ஏறத்தாழ 10 லட்சம் பவுண்ட் ரொக்கமாகக் கிடைத்தது. ஆளுநராக இருந்த காலம் முழுவதற்கும் சேர்த்து அவர் பெற்ற அரசுச் சம்பளம் சுமார் 81,000 டாலர் மட்டுமே என்று அமெரிக்க நீதித்துறை பின்னாளில் ஒரு சொத்துப் பறிமுதல் வழக்கில் கணக்குக் காட்டியது. ஆளுநர் என்ற முறையில் தனக்கு நாட்டுத் தலைவர்களுக்குரிய சட்டப் பாதுகாப்பு உண்டு என்று அவர் லண்டன் நீதிமன்றத்தில் வாதாடினார். பயெல்சா இறையாண்மை கொண்ட நாடு அல்ல, ஒரு நாட்டின் உறுப்பு மாநிலம் மட்டுமே என்று கூறி நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

அதன்பின் நடந்தது கிட்டத்தட்ட நாடகம். பிணையில் இருந்த அவர் அதே ஆண்டு நவம்பரில் திடீரெனத் தம் மாநிலத் தலைநகரான யெனகோவாவில் தோன்றினார். பெண் வேடமிட்டுத் தப்பினார் என்று செய்தி பரவியது. அவர் அதை மறுத்தார். எப்படி வந்து சேர்ந்தேன் என்பது எனக்கே தெரியாது, எல்லாம் கடவுள் செயல் என்ற பொருள்படத் தம் ஆதரவாளர்களிடம் பேசினார். அங்கே கூடியிருந்தவர்கள் அவரை வரவேற்றார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. இஜாவ் இனத்தவரான அவரை அம்மக்களில் பலர் தங்கள் இனத்தின் மானத்துக்கான அடையாளமாகப் பார்த்தார்கள். எண்ணெய்ப் பணத்தில் பெரும்பங்கை மற்றவர்கள் கொண்டுபோக, அகப்பட்டுக்கொண்டவர் மட்டும் நம்மவரா என்ற ஆதங்கம் அதில் இருந்தது. பதவியில் உள்ள ஆளுநர் மீது குற்ற வழக்கு நடத்த முடியாதபடி நைஜீரிய அரசமைப்பின் 308ஆவது பிரிவு தடுக்கிறது. ஆகவே, முதலில் மாநிலச் சட்டமன்றம் 2005 டிசம்பரில் அவரைப் பதவிநீக்கம் செய்தது. அவருக்குத் துணை ஆளுநராக இருந்தவர் ஆளுநரானார். 2007இல் அலாமியேசேகா குற்றத்தை ஒப்புக்கொண்டார். இரண்டாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டாலும், ஏற்கெனவே காவலில் கழித்த காலம் கணக்கில் கொள்ளப்பட்டதால் சில நாட்களிலேயே வெளியே வந்தார்.

அந்தத் துணை ஆளுநரின் பெயர் குட்லக் ஜொனாதன். 2013இல் மன்னிப்பு வழங்கியவரும் அவரே.

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். அமெரிக்கத் தூதரகத்தின் விமர்சனம் நைஜீரியா என்ற நாட்டை நோக்கியதா? இல்லை. ஓர் அரசு எடுத்த ஒரு முடிவை நோக்கியது. ஆனால் அமைச்சகத்தின் பதில் நாட்டின் பெயரால் வந்தது. நாடு, அரசு, ஆட்சியில் இருப்பவர்கள் ஆகிய மூன்றும் வெவ்வேறு. நாடு என்பது மக்களும் மண்ணும் மொழிகளும் வரலாறும் சேர்ந்தது. அரசு என்பது அதை நிர்வகிக்க ஏற்பட்ட அமைப்பு. ஆட்சியாளர்கள் என்பவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு அந்த நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர்கள். அரசு ஊழல் என்றால், மூன்றாமவர் முதலாமவரின் சொத்தை இரண்டாமவர் வழியாக எடுத்துக்கொள்வது. அப்படியிருக்க, திருட்டைச் சுட்டும்போது திருட்டுக் கொடுத்தவருக்கு அவமானம் என்று சொல்லப்படுவது விந்தையான தர்க்கம். இந்தத் தர்க்கத்தால் நன்மை அடைகிறவர்கள் யார் என்று பார்த்தால், அது ஏன் இவ்வளவு அடிக்கடி பயன்படுகிறது என்பது விளங்கிவிடும்.

தேசத்தின் பெயர் ஊழலுக்கே கருவியான சம்பவமும் அங்கே உண்டு. 1993 நவம்பர் முதல் 1998 ஜூனில் இறக்கும்வரை நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர் சானி அபாச்சாவின் காலத்தில், நாட்டின் பாதுகாப்புக்காக அவசரமாகப் பணம் தேவை என்று பொய்க் காரணம் காட்டும் கோரிக்கைகள் எழுதப்பட்டு, மத்திய வங்கியிலிருந்து 200 கோடி டாலருக்கு மேல் எடுக்கப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை தன் வழக்கில் கூறியது. பணம் ரொக்கமாகவும் பயணக் காசோலைகளாகவும் வங்கிவழிப் பரிமாற்றங்களாகவும் வெளியேறி ஐரோப்பிய வங்கிகளைச் சென்றடைந்தது. எழுத்தாளரும் ஒகோனி மக்களின் உரிமைப் போராளியுமான கென் சாரோ விவாவும் மேலும் எட்டுப் பேரும் 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டபின் காமன்வெல்த் அமைப்பு நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது. 1998 மார்ச்சில் அபாச்சாவுக்கு ஆதரவாகத் தலைநகர் அபுஜாவில் பிரம்மாண்டப் பேரணி நடத்தப்பட்டது. உலகமே எதிர்க்கும் தலைவருக்குப் பின்னால் தேசம் அணிதிரண்டு நிற்பதாகக் காட்டப்பட்ட அதே ஆண்டுகளில்தான், தேசத்தின் பாதுகாப்பு என்று எழுதிய தாள்களைக் காட்டித் தேசத்தின் பணம் வெளியேறிக்கொண்டிருந்தது.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்து, வெளிநாட்டு விமர்சனம் என்றால் அது நியாயமானது, அதைக் கேட்டுக் கோபப்படுவது அறியாமை என்று முடிவு கட்டுவது பெரும் பிழையாகும். கோபத்துக்குக் கனமான காரணங்கள் இருக்கின்றன. பிரிட்டன் 1960 வரை நைஜீரியாவை ஆண்டது. அதற்கு முன்பே, 1897இல் பிரிட்டிஷ் படை, இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் அரண்மனையைச் சூறையாடி எடுத்துச் சென்ற வெண்கலச் சிற்பங்கள் முதலான கலைப்பொருட்களில் சுமார் 900 இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. திருடிய பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பவர், நேர்மையைப் பற்றி வகுப்பெடுக்க வரும்போது கேட்பவருக்கு எரிச்சல் வராமல் இருக்காது. ‘வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவராதே’ என்று நம் வீடுகளில் சொல்வதற்குப் பின்னுள்ள அச்சம், தெருவில் நிற்பவர் நல்லெண்ணத்தோடு நிற்கிறாரா என்பதுதானே. அந்த அச்சம் நாடுகளுக்கும் பொருந்தும்.

எனவே விமர்சனங்களைத் தரம் பிரிக்கத் தெரிய வேண்டும். 2009இல் சோனி நிறுவனம் தன் விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்ட விளம்பரம், இணையத்தில் படிப்பதையெல்லாம் நம்பினால் நான் இந்நேரம் நைஜீரிய லட்சாதிபதி ஆகியிருப்பேன் என்ற பொருளில் ஒரு வரியைக் கொண்டிருந்தது. மின்னஞ்சல் மோசடி செய்யும் சிலரை வைத்து ஒரு தேசத்தவர் எல்லோரையும் ஏமாற்றுக்காரர்களாக்கிய கேலி அது. நைஜீரிய அரசு எதிர்த்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அந்த எதிர்ப்பில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை. அங்கே தாக்கப்பட்டவர்கள் மக்கள்தான். ஆனால் அதே ஆண்டில், நல்ல மக்கள், மகத்தான தேசம் என்ற முழக்கத்தோடு நாட்டின் பெயரைத் தூக்கி நிறுத்த அரசு பெரும் பரப்புரை தொடங்கியபோது, உள்நாட்டிலேயே பலர் சிரித்தார்கள். மின்சாரம் நிற்காமல் வந்தால் பெயர் தானாக மாறும் என்பது அவர்களுடைய வாதம். போலி மருந்துகளை எதிர்த்த பணியால் மதிக்கப்பட்ட டோரா அகுன்யிலியே அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தும் பரப்புரையால் அந்த ஐயத்தைப் போக்க முடியவில்லை.

அட்டவணைகளும் தரவரிசைகளும் இன்னொரு வகை. பெர்லினைத் தலைமையிடமாகக் கொண்டு 1993இல் தொடங்கப்பட்ட டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல், 1995 முதல் ஊழல் குறியீட்டை வெளியிட்டு வருகிறது. 1996 பட்டியலில் இடம்பெற்ற 54 நாடுகளில் நைஜீரியாவுக்குக் கடைசி இடம். தொடக்க நிலை வாசகர் இதில் அறிந்துகொள்ள வேண்டியது, இந்தக் குறியீடு ஊழலை நேரடியாக எடைபோட்டுப் பார்ப்பதில்லை என்பதே. ஊழல் மறைவாக நடப்பது என்பதால், வணிகர்களும் வல்லுநர்களும் ஒரு நாட்டின் பொதுத்துறையில் ஊழல் எவ்வளவு இருப்பதாகக் கருதுகிறார்கள் என்பதைத் திரட்டி மதிப்பெண் தருகிறார்கள். அரசு ஊழியர் கைநீட்டி வாங்குவது அதில் தெரியும்; வாங்கிய பணம் எந்த ஊர் வங்கியில் போய் உறங்குகிறது என்பது தெரியாது. அதனால்தான் அபாச்சாவின் பணத்தை ஏற்றுக்கொண்ட வங்கிகள் இருந்த சுவிட்சர்லாந்து அதே பட்டியலில் தூய்மையான நாடுகளின் வரிசையில் நின்றது. இது அந்நிறுவனத்தின் சதி அல்ல, அளவுகோலின் வரம்பு. ஆயினும் வளரும் நாட்டினர் இந்தப் பட்டியலைப் பார்த்து முகம் சுளிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

லஞ்சத்தில் வாங்குபவர் போலவே கொடுப்பவரும் உண்டு; நடுவில் தரகரும் உண்டு. நைஜீரியாவின் போனி தீவில் இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கும் ஆலை கட்டுவதற்கான 600 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களைப் பெறுவதற்காக, அமெரிக்கக் கட்டுமான நிறுவனமான கேபிஆர் உள்ளிட்ட நான்கு பன்னாட்டு நிறுவனங்களின் கூட்டு லஞ்சம் கொடுத்தது. அதற்காக இடைத்தரகர்களுக்கு வழங்கப்பட்ட தொகை சுமார் 18 கோடி டாலர். முக்கியத் தரகர்களில் ஒருவர் வடக்கு லண்டனில் அலுவலகம் வைத்திருந்த வழக்கறிஞர். 2009இல் கேபிஆர் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதைவிட வியப்பானது, வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கொடுக்கும் லஞ்சத்தை வணிகச் செலவாகக் காட்டி வரிக்கழிவு பெற ஜெர்மனியின் சட்டம் 1990களின் இறுதிவரை இடம் கொடுத்தது. ஊழல் ஏழை நாடுகளின் பண்பாடு என்று பேசியவர்கள், தங்கள் கருவூலமே அதற்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

இங்கேதான் புதியவர்கள் வழக்கமாகத் தடுமாறுவார்கள். விமர்சிப்பவர் கபடதாரி என்று நிறுவிவிட்டால் விமர்சனம் பொய்யாகிவிடுமா? ஆகாது. லண்டன் வழக்கறிஞர் தரகு வாங்கினார் என்பதும், நைஜீரிய அதிகாரி லஞ்சம் வாங்கினார் என்பதும் ஒரே சம்பவத்தின் இரு பக்கங்கள். ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க முடியாது. உண்மையில் முதலாவதைச் சொல்பவர் இரண்டாவதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும், ஏனென்றால் கொடுத்தவர் ஒருவர் இருந்தால் வாங்கியவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும்.

டெல்டா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஜேம்ஸ் இபோரியின் வழக்கு இந்த இரட்டைத்தன்மையை அப்பட்டமாகக் காட்டுகிறது. ஊழல் தடுப்பு ஆணையத்தின் தலைவராக இருந்த நூஹு ரிபாடு என்ற நைஜீரியக் காவல் அதிகாரி, விசாரணையைக் கைவிடும்படி இபோரி தரப்பிலிருந்து 1.5 கோடி டாலர் ரொக்கமாகத் தமக்கு வழங்கப்பட்டதாகக் கூறி, அந்தப் பணத்தைச் சான்றுப் பொருளாக மத்திய வங்கியில் ஒப்படைத்தார். பின்னர் ரிபாடு பதவியிலிருந்து அகற்றப்பட்டார். 2009 டிசம்பரில் டெல்டா மாநிலத் தலைநகர் அசாபாவில் இருந்த நீதிமன்றம் இபோரி மீதான 170 குற்றச்சாட்டுகளையும் தள்ளுபடி செய்தது. ஆனால் துபாயில் பிடிபட்டு லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டதும், அங்கே 2012இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 13 ஆண்டுத் தண்டனை பெற்றார். முன்னாள் காலனி ஆட்சியாளரின் நீதிமன்றம்தான் நம் திருடனைத் தண்டிக்க வேண்டுமா என்று ஒரு நைஜீரியர் வெட்கப்பட்டால் அது நேர்மையான வெட்கம். அவர் கோபம் அசாபா தீர்ப்பின் மீது திரும்புகிறதா, லண்டன் தீர்ப்பின் மீது திரும்புகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்டனைக் காலத்தில் ஏறத்தாழப் பாதியை முடித்து 2017 பிப்ரவரியில் இபோரி ஊர் திரும்பியபோது, ஒகாரா என்ற சொந்த ஊரில் அவருக்குக் கூட்டம் கூட்டமாக வரவேற்பு. தேவாலயத்தில் நன்றி வழிபாடும் நடந்தது.

லண்டனும் இதில் நிரபராதி அல்ல. அவர் ஆளுநராக இருந்த எட்டு ஆண்டுகளில் லண்டன் வங்கிகள் அவர் கணக்குகளை நடத்தின. ஹாம்ஸ்டெட் பகுதியில் 22 லட்சம் பவுண்டுக்கு அவர் வீடு வாங்கியபோது விற்றவரோ பத்திரம் முடித்தவரோ ஓர் ஆளுநரின் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை.

இந்தப் பின்னணியோடு 2016 மே மாதத்துக்கு வருவோம். லண்டனில் ஊழல் எதிர்ப்பு மாநாடு நடக்கவிருந்த வாரத்தில், பக்கிங்ஹாம் அரண்மனை விருந்தில் பிரதமர் டேவிட் கேமரூன் ராணியிடம், அபாரமான ஊழல் நாடுகள் சிலவற்றின் தலைவர்கள் வருகிறார்கள், நைஜீரியாவும் ஆப்கானிஸ்தானும் உலகிலேயே மிக ஊழல் மிகுந்தவையாக இருக்கக்கூடும் என்று சொன்னது ஒலிவாங்கியில் பதிவாகிவிட்டது. அருகில் நின்ற கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி, குறிப்பிட்ட இந்தத் தலைவர் ஊழல்வாதி அல்ல என்று இடைமறித்தார். அவர் குறிப்பிட்டது அப்போதைய நைஜீரியக் குடியரசுத் தலைவர் முகம்மது புகாரியை. மறுநாள் புகாரியிடம் மன்னிப்புக் கோரச் சொல்வீர்களா என்று கேட்கப்பட்டது. மன்னிப்பை வைத்து நான் என்ன செய்வது, எனக்கு வேண்டியது உங்கள் நாட்டில் இருக்கும் எங்கள் சொத்துகள் திரும்பி வருவதுதான் என்ற பொருள்பட அவர் பதில் சொன்னார். 2013இல் அமைச்சகம் கொடுத்த பதிலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் தேசிய மானம் இருக்கிறது. முன்னது உண்மையை மறைக்க அதைப் பயன்படுத்தியது. பின்னது உண்மையை ஒப்புக்கொண்டு, குற்றத்தின் மறுபாதிக்கான பொறுப்பைக் கேட்டது.

அந்தக் கோரிக்கை பேச்சோடு நிற்கவும் இல்லை. அபாச்சா பணத்தில் சுமார் 32 கோடி டாலரைத் திருப்பித் தர சுவிட்சர்லாந்து 2017இல் உடன்பட்டது. 2021இல் இபோரி தொடர்பான 42 லட்சம் பவுண்டை பிரிட்டன் திருப்பியது. அதைச் சாலைகளுக்கும் நைஜர் ஆற்றின் இரண்டாவது பாலத்துக்கும் செலவிடுவதாக மத்திய அரசு அறிவித்தபோது, திருடப்பட்டது எங்கள் பணம், எங்களுக்கே தர வேண்டும் என்று டெல்டா மாநிலத்தவர் சண்டைக்கு வந்தார்கள். அலாமியேசேகாவின் சொத்திலிருந்து மீட்கப்பட்ட ஏறத்தாழ 9.5 லட்சம் டாலரைப் பயெல்சாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்காகத் திருப்பித் தர 2023இல் அமெரிக்கா உடன்பட்டது. எண்ணெய் வருமானத்தோடு ஒப்பிட்டால் சொற்பத் தொகைதான். அவர் கைதாகிப் பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தொகை.

புகாரியையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில், அவர் தலைமையிலான தேசிய ஆலோசனை அவை, ஊழலுக்காகச் சிறையில் இருந்த முன்னாள் ஆளுநர்கள் ஜோஷுவா டாரியே, ஜாலி நியாமே இருவருக்கும் மன்னிப்பு வழங்க ஒப்புதல் அளித்தது. இவர்களில் டாரியே, 2004இலேயே லண்டனில் ரொக்கப் பணத்தோடு கைதாகிப் பிணையில் தப்பி வந்தவர். இம்முறை உரக்க எதிர்த்தவர்கள் நைஜீரிய வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் குடிமை அமைப்புகளும்தான். அவர்களில் யாரையும் வெளியுறவு அமைச்சகத்துக்கு வரவழைத்து, உள்விவகாரத்தில் தலையிடாதீர்கள் என்று சொல்ல முடியவில்லை. மன்னிப்பு மட்டும் திரும்பப் பெறப்படவில்லை. அவ்விருவரும் அதே ஆண்டு ஆகஸ்டில் விடுதலையானார்கள்.